தொண்ணூற்றொன்பது தாங்கிகளும் ஒரு லுமாலாவும்

ஜேர்மனியில் ஒரு தொழிற்சாலை செத்துப்போனால் அதைச் சுற்றிச் சைக்கிள் ஓடுவார்களாம். எனக்கு இதைச் சொன்னவர் மச்சான். எண்பதுகளில் ரூர் பிரதேசத்தில் போய் இறங்கி, பிள்ளைகளைக் கரைசேர்த்து, பென்சனும் எடுத்தபிறகு சைக்கிளில் ஏறியவர் இன்னும் இறங்கவில்லை. ரூர் ஆற்றங்கரையில் விண்டர்பெர்க்கிலிருந்து டுயிஸ்பேர்க் வரை ஏறக்குறைய 240 கிலோமீற்றருக்குச் சைக்கிளுக்கென்றே பாதை இருக்கிறது. டுயிஸ்பேர்க்கில் 1985-ல் மூடிய இரும்பாலை ஒன்று இப்போது பூங்கா. அங்கே இருந்த வாயுத் தாங்கிக்குள் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறார்கள். சனம் காசு கட்டி அதற்குள் சுழியோடுகிறது. ஒபர்ஹவுசனில் இருக்கும் 117 மீற்றர் உயரத் தாங்கிக்குள் கண்காட்சி வைக்கிறார்கள். ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோவிலைக்கூட எங்கள் ஆட்கள் 2002-ல் கைத்தொழிற்பேட்டைக்குள்தான் கட்டினார்கள். தீர்த்தமாடுவது கப்பல் ஓடும் கால்வாயில். மச்சான் தேருக்கும் சைக்கிளில்தான் போவார். வேட்டி பைக்குள் மடித்து வைத்திருக்கும்.

இப்படிப்பட்ட மனிதர் சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் அடைத்து, விமானத்தில் ஏற்றித் திருகோணமலைக்குக் கொண்டுவந்துவிட்டார். "துறைமுகத்தைச் சுத்தி, மகாவலி கடலில் விழுற இடம்வரைக்கும் ஒரு ஓட்டம். நீரும் வாரும்" என்றார். எங்கள் வீட்டில் இருந்த சைக்கிள் மகளுக்கு வாங்கிய லுமாலா, முன்னால் கூடை வைத்தது. 2022-ல் பெற்றோலுக்குக் கியூஆர் கோட் காட்டி வரிசையில் நின்ற காலத்தில் அது எனக்குப் பதவி உயர்ந்து வந்தது. மச்சானின் சைக்கிளில் எத்தனை கியர் என்று கேட்டேன். அவர் சொல்லி முடிப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிட்டது.

புறப்படுமுன் கோணேசரைக் கும்பிட வேண்டும் என்றார். பிரட்றிக் கோட்டைக்குள் போனோம். 1622-ல் போர்த்துக்கேயர் கோவிலை இடித்தார்கள். அந்தக் கல்லும் சேர்ந்துதான் கோட்டை எழும்பியது. பிறகு ஒல்லாந்தர், பிறகு ஆங்கிலேயர் என்று ஆள் மாறி ஆள் இருந்துவிட்டுப் போனார்கள். இப்போது நிலையாகக் குடியிருப்பவை புள்ளிமான்கள். ஜேர்மனியிலிருந்து அச்சடித்துக் கொண்டுவந்த பாதை வரைபடத்தை மச்சான் மதிலில் விரித்து வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார். திரும்பி வரும்போது கொட்டியாரக்குடாவும் சீனக்குடாவில் பாதியும் ஒரு மானின் வாய்க்குள் இருந்தன. பட்டணத்து மான்கள் சந்தைக் குப்பையில் வளர்ந்தவை, கடதாசி அவற்றுக்குப் பலகாரம். "பரவாயில்லை, கரையோரமா வெச்சுப் பிடிச்சாச் சரி" என்று மச்சான் சமாளித்தார்.

கரையோரம்! இதற்குத்தான் நான் பயந்தேன். உலகத்தின் மிகப் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று எங்களுடையது. ஆனால் அதன் கரையில் நாங்கள் கால் நனைக்கக்கூடிய இடங்களை எண்ண ஒரு கை அதிகம். உட்துறைமுக வீதியில் கொஞ்சத் தூரம் தண்ணீர் கூடவே வரும். அதன்பிறகு வரும் மதிலும் கம்பிவேலியும் முடிகிற இடத்தில் ஒரு வாசல் இருக்கும். கடற்படைக்கு ஒரு பக்கம், விமானப்படைக்கு ஒரு பக்கம், துறைமுக அதிகாரசபைக்கு ஒரு பக்கம், கோதுமை மாவுக்கு ஒரு பக்கம், சீமெந்துக்கு ஒரு பக்கம். 1957-ல் பிரிட்டிஷ் கடற்படை துறைமுகத்தைக் கையளித்துவிட்டுப் போனது, வாசல்கள் போகவில்லை. ஒரு வாசலில் மச்சான் சைக்கிளை நிறுத்தி, "தம்பி, இதுக்குள்ளால போனா அங்கால ஒஸ்டன்பேர்க் கோட்டைக்குப் போகலாமோ?" என்று கேட்டார். காவலுக்கு நின்ற பிள்ளை அவருடைய இறுக்கமான காற்சட்டையையும் தலைக்கவசத்தையும் பார்த்தது. பிறகு என் கூடையைப் பார்த்தது, அதற்குள் ஒரு சீப்பு வாழைப்பழம். எந்தச் சட்டத்தின் கீழ் எங்களைத் திருப்பி அனுப்புவது என்று யோசித்த மாதிரி இருந்தது. கடைசியில் சிரித்துக்கொண்டே கையைக் காட்டியது. கை காட்டிய திசை கொழும்பு வீதி.

கொழும்பு வீதியில் எங்களுக்கு எதிராகக் கச்சான் காற்று. ஆடி மாதத்தில் மேற்கே இருந்து அடுப்புத் திறந்த மாதிரி வீசும். நாலாம் கட்டைக்கு வருமுன் மச்சானின் கியரெல்லாம் முடிந்துவிட்டது. லுமாலாவில் முடிவதற்குக் கியர் இல்லை.

சீனக்குடாவில்தான் அவருக்குப் பிடித்த சாமான் இருந்தது. வீதியோரம் காடு, காட்டுக்குள் துருப்பிடித்த வட்டக் கூரைகள். பிரிட்டிஷார் தங்கள் கப்பற்படைக்காகக் கட்டிய எண்ணெய்த் தாங்கிகள், இப்போது இருப்பவை 99. அர்ச்சனைக்கு ஒன்பது குறைவு. 1942 ஏப்ரல் 9-ல் யப்பான் விமானங்கள் துறைமுகத்தில் குண்டு போட வந்தபோது ஒன்று இங்கே தாங்கியின் மேலேயே விழுந்து எரிந்தது என்று ஊரில் சொல்வார்கள். மச்சானின் முகம் மலர்ந்துவிட்டது. "இதத்தான் மச்சான் நான் சொன்னது! நடுவால ஒரு பாதை, ஒரு தாங்கிக்குள்ள கோப்பிக் கடை, இன்னொண்டுக்குள்ள நீச்சல்…"

நான் அவருக்கு வரலாறு சொல்ல வேண்டியதாயிற்று. 1987-ல் இந்திய இலங்கை ஒப்பந்தத்தோடு சேர்ந்த கடிதங்களில் இந்தத் தாங்கிகள் வந்தன. 2003-ல் லங்கா ஐஓசி வந்தது. 2022 ஜனவரியில் மறுபடி கையெழுத்து: 14 தாங்கி ஐஓசிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மிச்சம் 61 இரண்டு பேரும் சேர்ந்த கம்பனிக்கு. அந்தக் கையெழுத்து வைத்து அரை வருசத்துக்குள் நாங்கள் ஒரு லீற்றர் பெற்றோலுக்கு வரிசையில் படுத்துக் கிடந்தோம். இந்தத் தாங்கிகளைத் தாண்டித்தான் நான் தினமும் லுமாலாவில் வேலைக்குப் போனேன். 2025 ஏப்ரலில் அமீரகத்தையும் சேர்த்து மூன்று நாடுகள் எரிசக்தி மையம் என்று கையெழுத்திட்டன. மரங்கள் யாரிடமும் கையெழுத்து வாங்காமல் வளர்ந்துகொண்டிருக்கின்றன.

மச்சானின் ரூரில் தொழில் முடிந்தது. முடிந்தது என்று சொல்லி, அழுது, கணக்கை மூடி, பாதை போட்டார்கள். இங்கே எதையும் முடிந்தது என்று சொல்ல ஆளில்லை. கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலையை 1993-ல் மூடினார்கள். அதற்குப் பிறகு வந்த எல்லா அரசாங்கமும் அதைத் திறக்கப் போவதாகச் சொல்லிவிட்டது. நாளைக்குத் திறக்கப்போகும் இடத்துக்குள் யார் சைக்கிள் விடுவார்கள்? எனவே எங்களுக்குக் கிடைத்தது வீதியின் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இருந்த ஒரு முழம். அதிலும் மாடு படுத்திருந்தது.

வெள்ளைமணல் பக்கத்தில் மச்சானின் பின் சில்லுக் காற்றுப் போனது. கடைக்காரர் ஒரு நானா. ரியூப்பை உருவி, சட்டித் தண்ணீருக்குள் அமுக்கி, குமிழி வந்த இடத்தைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டே எங்களை விசாரித்தார். "எங்கேருந்து வாறீங்க? மோட்டார்சைக்கிள் பழுதா?" மச்சான், "இல்லை, விருப்பத்துக்குத்தான்" என்றார். நானா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன், வீட்டில் சுகமில்லாதவரைக் கூட்டிவந்திருக்கிறேன் என்கிற பொருளில். அரத்தால் தேய்த்து, சொலுசன் பூசி, ஊதி, ஒட்டுத் துண்டை வைத்து, சுத்தியலால் மூன்று தட்டு. பிரச்சினை வால்வில் வந்தது. ஊசிபோல ஒடுங்கிய அந்த ஐரோப்பிய வால்வுக்கு நானாவின் பம் பொருந்தவில்லை. அவர் அதை இருபக்கமும் திருப்பிப் பார்த்தார், நுனித் திருகைத் தளர்த்தினார், பழைய ரியூப்பில் நாடாபோல ஒரு துண்டு வெட்டி வால்வைச் சுற்றிக் கட்டி, அதன் மேல் பம்மை அழுத்தினார். சில்லு கல்லாக இறுகியது. மச்சான் பையிலிருந்து தன்னுடைய விசேட பம்மை எடுத்தபோது வேலை முடிந்துவிட்டது. "வெச்சிருங்க, இன்னொரு நாளைக்கு உதவும்" என்றார் நானா.

கிண்ணியாப் பாலத்தில் மட்டும் மச்சான் வாயடைத்துப் போனார். 396 மீற்றர். 2009-ல் இது திறக்கும்வரை இந்தத் தண்ணீரைத் தாண்டப் 'பாதை'க்குத்தான் காத்திருக்க வேண்டும். பஸ், மாடு, கலியாண வீட்டுச் சட்டி பானை எல்லாம் அந்த மிதவையில் ஏறிப் போகும். இந்தப் பக்கம் தம்பலகாமக் குடா, அந்தப் பக்கம் கொட்டியாரக்குடா, தூரத்தில் இழுவைப் படகுகள். அவர் நின்று படம் எடுத்த நேரத்தில் இரண்டு ஆட்டோக்காரர் நிறுத்தி, "மோட்டார்சைக்கிள் பழுதா?" என்று கேட்டுவிட்டார்கள். இரண்டு பேருக்கும் அதே பதில்தான்.

பாலம் தாண்டியதும் தயிர்க் கடை. கூடையின் அருமை அங்கேதான் அவருக்குத் தெரிந்தது. மண்சட்டித் தயிரை எந்த ஜேர்மன் பையும் சுமக்காது. கிண்ணியாவிலிருந்து மூதூர் வரை, இறால்குழி, கங்கை என்று பாலம் பாலமாக நான் பின்னால் சட்டியோடு போனேன். குழி வந்தால் சத்தம் போடும்படி அவருக்கு உத்தரவு.

மூதூருக்குக் கிட்ட வரும்போது ரொபேர்ட் நொக்ஸின் கதையைச் சொன்னேன். புயலில் முறிந்த பாய்மரத்தைத் திருத்தத் தகப்பனின் கப்பலோடு கொட்டியாரத்தில் கரைபிடித்த வெள்ளைக்காரப் பையன். கண்டி ராசாவின் ஆட்கள் 1660-ல் பிடித்துக்கொண்டுபோய் வைத்தது 19 வருசம். மச்சான் பின் சில்லைக் குனிந்து பார்த்தார். அது மறுபடி மெத்தென்று இருந்தது.

நடு வெயில், வயல்வெளி, ஒரு மர நிழலும் இல்லை. பின்னால் வைக்கோல் ஏற்றிய லேண்ட்மாஸ்டர் ஒன்று தடதடத்து வந்து நின்றது. ஓட்டிவந்த பையன் எங்களை மேலும் கீழும் பார்த்தான்.

"என்ன காக்கா, மோட்டார்சைக்கிள் பழுதா?"

"ஓம் தம்பி, பழுது" என்றார் மச்சான். அவருடைய சைக்கிளோடு என் லுமாலாவையும் அவரே தூக்கி வைக்கோலுக்கு மேல் போட்டார். தயிர்ச் சட்டியை மடியில் வைத்துக்கொண்டு, முன்னால் இருந்த ஒரே இருக்கையையும் பிடித்துக்கொண்டார்.