55 லட்சத்துக் கார், 6 லட்சத்துக்கு

ஷோரூமில் 55 லட்ச ரூபாய்க்கு நின்ற கார் பத்து வருஷம் கழித்து 6 லட்சத்துக்குக் கிடைக்கிறது என்றால், மீதி 49 லட்சம் எங்கே போயிற்று என்று ஒருவராவது கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை. அந்தப் பணம் பானெட்டுக்கு அடியில் பதுங்கிக்கொண்டு, வாங்கியவனிடம் தவணை தவணையாக வசூல் செய்துகொண்டிருக்கிறது.

வாங்கியவன் என் மனைவியின் தம்பி. வேதாரண்யத்துக்காரன், அகஸ்தியன்பள்ளிப் பக்கம் உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறான். கார் வந்தது டெல்லியிலிருந்து. பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டி தலைநகரில் ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் சொல்ல, 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொல்ல, அங்கிருந்து சொகுசு வண்டிகளெல்லாம் அடிமாட்டு விலைக்குத் தெற்கே இறங்க ஆரம்பித்தன. அதில் ஒன்று இது. ஜெர்மன் வண்டி. கம்பெனி பெயர் வேண்டாம். அவர்கள் நல்ல காராகத்தான் செய்தார்கள், முதல் ஓனருக்கு.

தமிழ்நாட்டு நம்பர் வாங்கப் போனபோது ஆயுள்கால வரி. வண்டிக்கு வயதாக ஆக விகிதம் குறையும். ஆனால் கணக்கு தொடங்குவது அதன் பழைய விலையிலிருந்து. அப்புறம் இன்சூரன்ஸ். ஆயிரம் சி.சி.க்குள் அடங்கும் சின்னக் காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு 2022 கட்டணப்படி 2,094 ரூபாய், 1,500 சி.சி.யைத் தாண்டினால் 7,897. பதினைந்து வருஷம் ஆனால் ஆர்.சி. புதுப்பிக்க 5,000, இருபது தாண்டினால் 10,000. அரசாங்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களாவது ரேட்டை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள்.

ஒருநாள் காலையில் மைத்துனன் போன் பண்ணினான்.

"அத்தான், வண்டி உக்காந்துருச்சு."

"ஸ்டார்ட் ஆகலியா மாப்ளே?"

"ஸ்டார்ட் ஆவுது. உக்காந்துருச்சு."

போய்ப் பார்த்தால் முன்பக்கம் தரையோடு தரையாக இறங்கி, பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது. நின்ற திசை வேதாரண்யேஸ்வரர் கோயில். எதிர்வீட்டு ஆச்சி, "கோயிலப் பாத்துக் கும்புடுது பாரேன், குடுத்து வச்சவன் நீ" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் சொன்னது ஏர் சஸ்பென்ஷனை. அந்த மாதிரி வண்டிகளில் ஸ்ப்ரிங்குக்குப் பதில் காற்றடைத்த ரப்பர் பை. வயதானால் ரப்பர் வெடிக்கும், ராத்திரியெல்லாம் காற்று கசியும். அதை ஈடுகட்ட கம்ப்ரசர் ஓடி ஓடி அதுவும் கருகும். ஒரு பக்கத்துப் பைக்கே 70,000 ரூபாய்க்கு மேல் சொன்னார்கள். ஒன்றை மாற்றினால் இன்னொன்றையும் மாற்றுவதுதான் நல்லதாம். நல்லது யாருக்கு என்று சொல்லவில்லை.

பழைய சொகுசுக் காரில் விலை இறங்குவது காருக்கு மட்டும்தான். அதன் உதிரி பாகங்கள் இன்னமும் தங்களை 55 லட்சத்துக் காரின் பாகங்களாகவே நினைத்துக்கொண்டிருக்கின்றன. 6 லட்சத்துக்குப் புதுசாக ஒரு சின்னக் கார் வாங்கியவன் 6 லட்சத்துக் காரின் ஓனர். மைத்துனன் எப்போதும் 55 லட்சத்துக் காரின் ஓனர், வருமானம் மட்டும் உப்பளத்து வருமானம்.

உப்பு என்றதும் அதையும் சொல்லிவிட வேண்டும். வேதாரண்யத்தில் ஏறத்தாழ 9,000 ஏக்கரில் உப்பு விளைகிறது. காற்றிலே உப்பு, ரோட்டிலே உப்பு லாரி சொட்டிவிட்டுப் போன தண்ணீர். "ஜெர்மனியில பனி பேஞ்சா ரோட்டுலயே உப்பக் கொட்டுவான் அத்தான், உப்பு தாங்குற வண்டி" என்று வாங்கும்போது மைத்துனன் சொன்னது உண்மைதான். ஆனால் அங்கே அது குளிர்காலத்துக்கு மட்டும். இங்கே பன்னிரண்டு மாதமும். பாரம் குறைய வேண்டும் என்று சஸ்பென்ஷன் ஆர்மை அலுமினியத்தில் செய்து, இரும்பு போல்ட்டால் முடுக்கியிருக்கிறார்கள். இரண்டு உலோகம் சேருமிடத்தில் உப்புத்தண்ணீர் புகுந்தால் அலுமினியம் அரித்துப் பொடியாகிப் போல்ட்டைக் கவ்விக்கொள்ளும். தோப்புத்துறை மெக்கானிக் ஒரு காலை முழுக்கச் சுத்தியலோடு படுத்திருந்துவிட்டு எழுந்து, "அண்ணே, போல்ட்டு வராது. ஆர்மோட சேத்துத்தான் மாத்தணும்" என்றார். பத்து ரூபாய் சாமான் போகவேண்டிய இடத்தில் பத்தாயிரத்தில் பேச்சு தொடங்கியது.

கதவு விஷயம் இந்த ஊருக்கே உரியது. இங்கே வேதங்கள் பூசித்து அடைத்த கோயில் கதவை அப்பர் ஒரு பதிகம் முழுக்கப் பாடித் திறந்தார். சம்பந்தர் ஒரே பாட்டில் அடைத்தார் என்பது புராணம். எங்கள் கார் திறக்கும் விஷயத்தில் அப்பர் கட்சி. ரிமோட்டை அமுக்கி அமுக்கிக் கை ஓய்ந்த பிறகுதான் மனமிறங்கும். அடைப்பது இன்னும் மோசம்: மெல்ல இழுத்து மூடிக்கொள்ள அதற்கென்றே ஒரு மோட்டார் இருக்கிறது, அது செத்துவிட்டது. ஓங்கிச் சாத்தினால் காருக்கு ஆகாது. சம்பந்தரே வந்தாலும் சர்வீஸ் சென்டருக்கு எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும்.

சர்வீஸ் சென்டர் திருச்சியில். ராஜாஜி உப்பெடுக்கத் திருச்சியிலிருந்து 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி ஏறத்தாழ நூறு பேருடன் நடக்க ஆரம்பித்து, 28-ஆம் தேதி வேதாரண்யம் வந்து சேர்ந்தார். எங்கள் கார் ரெக்கவரி வண்டியில் ஏறித் திருச்சிக்குப் போய், பாகம் வரக் காத்திருந்து, திரும்பி வர அதைவிட அதிக நாள் ஆயிற்று. அன்றைக்குத் தொண்டர்களுக்குச் சோறு போட்டால் சிறை என்று தஞ்சாவூர் கலெக்டர் தோர்ன் மிரட்டியும் வழியெங்கும் ஜனங்கள் சோறு போட்டார்கள். மைத்துனனுக்கு அங்கே நல்ல காப்பியே கொடுத்தார்கள். பில் கூடவே வந்ததால் ஆறிப்போயிற்று.

பேட்டரி ஒன்றையாவது உள்ளூரில் மாற்றலாம் என்று பார்த்தோம். மாற்றினால் போதாதாம், புதுப் பேட்டரி வந்திருக்கிறது என்று கம்ப்யூட்டரைச் செருகிக் காருக்குத் தெரிவிக்க வேண்டுமாம். சென்னைப் புதுப்பேட்டையில் மலிவாகக் கிடைத்த ஒரு கன்ட்ரோல் பெட்டியைக் கார் அந்நியன் என்று சொல்லி ஏற்கவே மறுத்துவிட்டது. என் மனைவி, "கல்யாணத்துக்குப் பொண்ணு பாத்தப்பக்கூட எந்தம்பி இவ்வளவு சம்மதம் கேக்கல" என்றாள்.

இதையெல்லாம் படித்த பிறகும் ஆசை அடங்காதவர்களுக்கு: காரின் விலையைக் கடைசியில் கேளுங்கள். முதலில் அந்த மாடலின் ஏர் சஸ்பென்ஷன் விலை, கம்ப்ரசர் விலை, ஸ்டெப்னி இல்லாத வண்டிக்குப் போடும் ரன்-ஃபிளாட் டயர் ஒன்றின் விலை, மூன்றையும் கேட்டுக் கூட்டுங்கள். வண்டியை லிஃப்டில் ஏற்றி அடியில் பாருங்கள். கடற்கரை ஊர் என்றால் இரண்டு முறை பாருங்கள்.

மைத்துனன் வண்டி விற்பனைக்கு இருக்கிறது. 4 லட்சம், பேசிக் குறைக்கலாம். பார்க்க வருகிறவர்கள் திருத்துறைப்பூண்டியில் அகஸ்தியன்பள்ளி ரயிலைப் பிடித்தால் போதும். 37 கிலோமீட்டர்; அகலப்பாதை போட்டு 2023 ஏப்ரலிலிருந்து மறுபடி ஓடுகிறது. மைத்துனனும் இப்போது அதில்தான் போய் வருகிறான்.