குரிசுவின் மெயில்களும் என் மௌனமும்

ஞாயிற்றுக்கிழமை பின்னிரவில் ஸ்டைன்ஸ்;கேட் ஆட்டத்தை முடித்தேன். பெயர்ப் பட்டியல் மேலே ஓடியது, பாட்டு வந்தது, எனக்கும் லேசாகத் தொண்டையை அடைத்தது. காலையில் நண்பனைக் கூப்பிட்டுச் சொன்னால், "எந்த எண்டிங்?" என்கிறான். துக்க வீட்டுக்கு வந்தவன், அழுகிறவனிடம் "எந்தத் தாத்தா?" என்று கேட்டது போல் இருந்தது.

சொன்னேன். "அட, அது ட்ரூ எண்டிங் இல்லடா. இன்னும் ஒரு சேப்டர் இருக்கு. ஏன், குரிசு அனுப்பின மெயிலுக்கெல்லாம் நீ ஒழுங்கா ரிப்ளை பண்ணலையா?"

"கைடு பாக்காம ஆடு மச்சான், அப்பதான் கதை உள்ள இறங்கும்" என்று எனக்கு உபதேசம் செய்தவன் இவன்தான். இவன் கைடைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு ஆடினானாம். அதை இப்போது சொல்கிறான்.

விஷுவல் நாவல் என்பது திரையில் கதையைப் படித்துக்கொண்டே போகும் ஆட்டம்; நடுவில் நாம் தேர்ந்தெடுப்பதைப் பொறுத்து முடிவு மாறும். அதை ஆடுகிறவர்களுக்குள் ஒளிவுமறைவு வேண்டாம். திரையில் இரண்டு வரி கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடு என்றதும், கை கதாநாயகியை நோக்கிப் போகாது, சேவ் பக்கத்துக்குத்தான் போகும். தேர்வு வந்த இடத்தில் ஒரு சேவ், அதற்கு நாலு வரி முன்னால் ஒன்று, எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்று. கடைசியில் பக்கம் முழுக்க ஒரே பெண், ஒரே முகம், ஒரே வெட்கம். எந்தக் கட்டத்தைத் தொட்டால் எந்தக் கிளைக்குப் போவோம் என்பது அந்தப் பெண்ணுக்கே தெரியாது. இதெல்லாம் எல்லாரும் செய்வதுதான். நான் இங்கே சொல்ல வந்தது இதைவிட முக்கியமான ஒரு விஷயம். அதற்கு வருகிறேன். முதலில் இந்த மெயில் விவகாரத்தை முடித்துவிடலாம்.

தோக்கியோவில் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளுக்குப் பேர்போன அகிஹபாராவில், பழைய பிக்சர் ட்யூப் டிவி கடைக்கு மேல்மாடியில் ஒரு வாடகை அறை. அதில் வெள்ளைக் கோட்டு மாட்டிய ஒகாபே என்ற கல்லூரிப் பையன், தன்னைப் பைத்தியக்கார விஞ்ஞானி என்று அறிவித்துக்கொண்டு, மைக்ரோவேவ் அடுப்பில் ஃபோனை இணைத்துக் கடந்த காலத்துக்கு மெயில் அனுப்புகிறான். 36 பைட்டுக்கு மேல் போகாது. ஆட்டம் வந்தது 2009இல். இவ்வளவு நாள் கழித்தும் யாராவது "ஸ்பாய்லர்" என்று கத்தினால் அவர்களிடம் நான் பேசத் தயாரில்லை.

இந்த ஆட்டத்தில் 'அ, ஆ' என்று தேர்வு வராது. நீங்களே ஒகாபேயின் ஃபோனை எடுக்க வேண்டும். மெயில் வந்திருக்கும். அதில் சில சொற்களுக்குக் கீழே கோடு இருக்கும். ஒன்றைத் தொட்டால் அதற்கேற்ற பதில் போகும். தொடாவிட்டாலும் கதை பாட்டுக்கு நகரும், ஒரு எச்சரிக்கை மணிகூட அடிக்காது. குரிசு என்ற மேதாவிப் பெண் அரட்டைக்கு அனுப்பும் சில மெயில்களுக்குச் சரியான சொல்லைத் தொட்டுப் பதில் போட்டிருந்தால்தான் கடைசி அத்தியாயம் திறக்கும். இல்லையென்றால் பல மணி நேரம் கழித்து, குரிசு பிழைக்காத சோகமான ஓர் இடத்தில், முற்றும். அதற்குப் பின்னால் ஒரு அத்தியாயம் பூட்டிக் கிடக்கிறது என்று யாரும் மூச்சுவிட மாட்டார்கள்.

அரட்டை மெயிலுக்கு நான் பதில் போடாதது உண்மைதான். ஏன் போடவேண்டும்? அந்த அறையில் இரண்டு பேரும் நாள் முழுக்க எதிரெதிரே உட்கார்ந்து சண்டை போடுகிறார்கள். சொல்ல வேண்டியதை நேரில் சொல்லலாமே. எங்கள் வீட்டில் ஒரு செய்திக்கு இரண்டு நீல டிக் விழுந்துவிட்டால் பதில் வந்துவிட்டதாகவே அர்த்தம். "ம்" என்று ஒருவர் அனுப்பினால், கோபமாக இருக்கிறாரோ என்று எல்லாரும் பயப்படுவோம். அப்படி வளர்ந்தவனிடம் ஒரு ஜப்பானியப் பெண்ணின் உயிரை ஒப்படைத்தால் என்ன ஆகும்?

இனி அந்த முக்கியமான விஷயம். நண்பனிடம் பேசிய நாளிலிருந்து தூக்கம் போனது வேறு காரணத்தால். அத்தை தினமும் காலையில் ரோஜாப்பூப் படத்தோடு வணக்கம் அனுப்புகிறார். நான் பதில் போடுவதில்லை. ஒருநாள் போட்டிருந்தால்? ரோஜாவுக்குப் பதில் சொல்வதா, வணக்கத்துக்கா, கீழே சின்ன எழுத்தில் இருக்கும் பொன்மொழிக்கா? பொன்மொழிக்குச் சொல்லியிருந்தால் அத்தை பேச்சை வளர்த்திருப்பார், பேச்சு ஊர் நிலம் வரை போயிருக்கும், இன்றைக்கு நான் தாம்பரத்தில் சொந்த வீட்டில் உட்கார்ந்து இந்த ஆட்டத்தைப் பெரிய டிவியில் ஆடிக்கொண்டிருப்பேன். பள்ளித் தோழர்கள் குழுவில் ஒருவன் "யாராவது இருக்கீங்களா?" என்று கேட்டான். யாரும் வாய் திறக்கவில்லை, நானும்தான். அது யாருடைய கதைக்குப் போகும் கிளை? தனிநபர் கடன் வேண்டுமா என்று வாராவாரம் கேட்கும் பெண்ணுக்கு ஒருமுறையாவது "வேண்டாம், நன்றி" என்றிருக்கலாம். கேஸ் புக்கிங் குறுஞ்செய்தியில்கூட நீலத்தில் ஒரு சொல் கோடு போட்டு வருகிறது. அதைத் தொடாமல் நான் இழந்த கிளைகள் எத்தனையோ.

இதையெல்லாம் சொன்னால் நண்பன், "அதுதான்டா ஆட்டத்தோட தீமே. சின்ன விஷயம் உலகத்தையே மாத்தும்" என்கிறான். தீமாம்! தேர்ந்தெடுக்கிறோம் என்றே தெரியாமல் தேர்ந்தெடுத்ததற்குப் பெயர் தேர்வு அல்ல, விபத்து. 1994இல் சூப்பர் ஃபாமிகாம் கருவியில் வந்த 'கமாயிதாச்சி நோ யொரு' ஆட்டம், பனிமலை விடுதியில் கொலை செய்து வைத்துவிட்டு, கொலைகாரன் பெயரை நீயே எழுது என்று நேருக்கு நேர் கேட்டது. தப்பாக எழுதினால் மேலும் பிணம் விழும். நியாயம். 2004இல் வந்த 'ஃபேட்/ஸ்டே நைட்'டில் முட்டாள்தனமாகச் செத்தால், கெண்டோ உடையில் ஒரு டீச்சர் வந்து, எங்கே சொதப்பினாய் என்று கேலி செய்து, அடுத்த முறைக்குத் துப்பும் கொடுத்து அனுப்புவார். திட்டுகிறவருக்கு நம்மேல் அக்கறை இருக்கிறது. ஸ்டைன்ஸ்;கேட் திட்டாது. பாட்டு போட்டு, கண்ணைத் துடைக்கவிட்டு, வழியனுப்பி வைத்துவிடும்.

ஆக, முதலிலிருந்து. முதல் மெயிலுக்கு முந்தைய சேவ் எல்லாவற்றின் மேலும் வேறு சேவ் ஏறிவிட்டது. படித்த வரிகளைத் தாண்டும் பொத்தானை அமுக்கிக்கொண்டிருக்கிறேன். படிக்காத வரி வந்தால் அது நின்றுவிடும். நேற்று நின்றது. புதுக் காட்சி என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒகாபே பேசியது ஆறு புள்ளிகள். போன தடவை வேறு பதிலுக்கு வேறு மௌனம் காத்திருக்கிறான் போல.

இப்போது கைடைத் திறந்து வைத்துக்கொண்டு ஆடுகிறேன். எல்லாருக்கும் பதில் போடுகிறேன், மரியாதையாக. சற்றுமுன் ஒகாபேயின் கூட்டாளி டாரு ஒரு மெயில் அனுப்பினான். அதில் மூன்று சொற்களுக்குக் கோடு. அந்தத் தடியனைப் பற்றிக் கைடில் ஒரு வரி இல்லை. நண்பனைக் கூப்பிட்டால் எடுக்கமாட்டேன் என்கிறான். மூன்றுக்கும் தனித்தனியாகச் சேவ் போட்டுக்கொண்டிருக்கிறேன்.