மேப்பை நம்பி மாடி ஏறாதே

ஏலே பேராண்டி, அந்தப் பெரிய மாலுக்குள்ள செருப்புக்கடையத் தேடி, போனைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டே நின்னியாமே? நீலப்புள்ளி உன்னைக் கொண்டுபோயி நடுரோட்டுல நிறுத்திருச்சாம். நிறுத்தத்தாம்ல செய்யும். ஜிபிஎஸ் சேட்டிலைட்டு 20,000 கிலோமீட்டருக்கும் மேல உசரத்துல சுத்துது. தரைக்கு வந்துசேருறதே அரை உசுரு சிக்னலு. அது காங்கிரீட்டைத் தொளைச்சு உள்ள வந்து, "தம்பி, இடப்பக்கம் திரும்பு"ன்னு சொல்லுமாக்கும்!

அதனாலதான் வைஃபையப் புடிச்சாங்க. 2000-லயே மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக்கூடத்துல பால், பத்மநாபன்னு ரெண்டு பேரு 'ரேடார்'னு ஒரு ஏற்பாட்டைக் காட்டுனாங்க. கட்டடத்துக்குள்ள நடந்து, எந்த எடத்துல நின்னா எந்த வைஃபைப் பெட்டிக்குக் கருவியோட சிக்னல் எம்புட்டுப் பலமாக் கேக்குதுன்னு முதல்லயே குறிச்சுக்கிட்டாங்க. பெறகு பெட்டிகளுக்குக் கேக்குறதை அந்தக் குறிப்போட ஒத்துப்பாத்தா, ரெண்டு மூணு மீட்டர் பிசகுல ஆளு இருக்குற எடம் தெரிஞ்சுச்சு. கெட்டிக்காரங்கதான், ஒத்துக்கிடுதேன்.

ஆனா கேளு. ஆட்டுமணிச் சத்தத்தை வச்சு ஆட்டைத் தேடுனவனுக்குத் தெரியும், பாறையில பட்டுத் திரும்புற சத்தம் நம்மளை எதிர்த்திசைக்கு ஓட்டிவிட்டுரும். சிக்னலும் செவுத்துல தெறிக்கும், இரும்பு பீரோவுல முட்டும். மனுச உடம்பு பாதிக்கு மேல தண்ணிதானே, அதுவும் ஒரு வாய் குடிச்சுக்கிடும். தீபாவளிக் கூட்டம் உள்ள வந்தா குறிப்பெல்லாம் குளறுபடி. நாலு அலமாரிய நகட்டி வச்சா, திரும்ப நடந்து திரும்ப எழுது!

இப்பம் பலத்தை விட்டுட்டு நேரத்தை அளக்காங்க. அல்ட்ரா வைட்பேண்டாம். ரேடியோ அலை ஒரு நானோசெகண்டுல 30 சென்டிமீட்டர் ஓடும். போயித் திரும்புற நேரத்தை வச்சுத் தூரத்தைச் சொல்லிருது. 2019-ல ஐபோன் 11-லயே அந்தச் சில்லு வந்தாச்சு. சோபாவுக்கு அடியில கெடக்குற சாவிய அது கண்டுபிடிக்கும், சாவியில அதுக்குண்டான வில்லையக் கோத்திருந்தா. ஆனா மாலுக்குள்ள வழி காட்டணும்னா கட்டடம் பூராவும் கருவி மாட்டணும்; அதுக்கு யாரு காசு குடுப்பா? ஒங்கப்பனா?

இன்னொரு கூத்து. நீ கடையத் தேடுத. கடைக்காரன் உன்னைத் தேடுதான். முன்னெல்லாம் வைஃபை தேடுற போன் தன்னோட அடையாள எண்ணைக் கூவிக்கிட்டே திரிஞ்சுச்சு. எந்த அலமாரி முன்னால எம்புட்டு நேரம் வாயைப் பொளந்தேன்னு அவன் கணக்கு வச்சுக்கிட்டிருந்தான். 2014-ல ஐபோன்ல அந்த எண்ணை மாத்தி மாத்திச் சொல்ல வச்சது அதுக்குத்தான். வேலை இல்லாதப்ப வைஃபைய அமத்திப் போடுல.

வாசல்ல காக்கிச்சட்டை போட்டு ஒருத்தரு நிக்காருல்லா, செருப்புக்கடைக்கு அவருகிட்ட வழி கேளு; கௌரவம் கொறைஞ்சிராது. ஆபத்துன்னு 108-க்கு அடிச்சா மட்டும், போன் காட்டிக்கொடுக்கும்னு இருந்துராத. எந்தக் கட்டடம், எத்தனாவது மாடி, எந்தக் கதவுன்னு முதல்ல வாயைத் தொறந்து சொல்லு.