குறையே இல்லாத வண்டி

என் வண்டியைப் பற்றி ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுகிறார்கள். பொறாமை, வேறென்ன? 2006-இல் பதிவான வண்டி. அம்பத்தூர் ஓ.டி.க்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் இத்தனை வருஷத்தில் ஒருவரையும் அது முந்தியதில்லை. அடக்கம் என்றால் அதுதான். எந்தக் கம்பெனி தயாரிப்பு என்று சொல்லமாட்டேன். பிள்ளை செய்கிற காரியத்துக்குப் பெற்றவர்களை இழுப்பது முறையல்ல. அதிலும் வளர்த்தவன் நான்.

முதலில் அதன் குரல்வளத்தைச் சொல்லவேண்டும். நான் பாடி மேம்பாலம் ஏறும்போதே வீட்டில் தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிடுவார்கள் என்று என் மச்சான் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான். அதெல்லாம் மிகை. தெருமுனை டீக்கடை வந்த பிறகுதான் வைப்பார்கள். சைலன்சர் ஓட்டையைப் பற்றவைக்க முந்நூறு ரூபாய் கேட்டார்கள். அதே வாரம் ஹாரனும் ஊமையாகிவிட்டது. யோசித்துப் பார்த்தேன். ஓட்டை இருக்கும்போது ஹாரன் எதற்கு? இரண்டையும் அப்படியே விட்டுவிட்டேன். இந்த மாதிரி கணக்கெல்லாம் புது வண்டிக்காரனுக்கு வராது.

அடுத்தது, பேதம் பார்க்காத குணம். இடது பின்கதவு வெள்ளை. மற்ற மூன்றும் ஒரு காலத்தில் சிவப்பு. வெள்ளைக் கதவு புதுப்பேட்டையில் கிடைத்தது, வலது கண்ணாடியும் அங்கேதான். ஆல்டர்னேட்டர் போனபோதும் புதுசுக்குப் போகாமல் ஒரு சனிக்கிழமை அம்பத்தூர் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, புதுப்பேட்டைக்கு நடந்தேன். கழற்றிய வண்டிகளின் உறுப்புகள் கடைவாசலில் மலைபோல் குவிந்திருக்க, ஒன்றைப் பொறுக்கி, துண்டில் சுற்றி, கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் திரும்பினேன். எதிர் சீட்டுப் பாட்டி ஜன்னல் ஓரத்தை எனக்கு விட்டுக்கொடுத்தார். கார் வைத்திருக்கிற ஒருவனை மாதம் இரண்டு தடவை ரயிலில் போக வைக்கிறதே, இதைவிடப் பெரிய சமூக சேவை என்ன இருக்கிறது? அந்த ஆல்டர்னேட்டர் ஐந்து மாதம் உழைத்தது. பிறகு இன்னொரு சனிக்கிழமை.

அரசாங்கத்துக்கும் என் வண்டியின் அருமை தெரியும். டெல்லியில் பதினைந்து வயதான பெட்ரோல் வண்டியைத் தெருவில் விடலாமா கூடாதா என்று கோர்ட் படியேறி அடித்துக்கொள்கிறார்கள். நம் பக்கம் வயசுக்கு மரியாதை உண்டு. 2021-இல் பதினைந்து முடிந்து ஆர்.சி. புதுப்பித்தபோது அதற்கான கட்டணம் 600 ரூபாய். மறுவருஷம் ஏப்ரலில் அதை 5,000 ஆக்கினார்கள். 2025 ஆகஸ்ட் அறிவிப்பின்படி, இருபது வயது தாண்டிய காருக்கு 10,000. பசுமை வரி தனி. வண்டியின் விலை இறங்க இறங்க அதன் மரியாதை ஏறிக்கொண்டே போகிறது. இன்னும் ஒரு பத்து வருஷம் போனால் கட்டணத்துக்கு வண்டியையே கொடுத்துவிட்டு மேற்கொண்டு கொஞ்சம் பணமும் கட்டலாம் என்றிருக்கிறேன்.

இன்சூரன்ஸிலும் நான் பரோபகாரி. ஆயிரம் சி.சி.க்கு உட்பட்ட காருக்குத் தேர்டு பார்ட்டி மட்டும் போட்டால் வருஷத்துக்கு 2,094 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. என் வண்டியால் அடுத்தவருக்கு என்ன ஆனாலும் கம்பெனி கொடுக்கும். என் வண்டிக்கு என்ன ஆனாலும் கொடுக்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து எங்கள் தெருவில் சீட் மட்டத்துக்குத் தண்ணீர் நின்றபோது ஃபுல் இன்சூரன்ஸ் வைத்திருந்த பக்கத்து வீட்டுக்காரர் பாவம், பாலிசி எண்ணைத் தேடி இருட்டில் அலைந்தார். எனக்கு அந்தத் தொல்லையே இல்லை. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரிக்காரர்கள் கார்களை மேம்பாலத்தில் வரிசையாக ஏற்றி நிறுத்தினார்களே, அதையும் டி.வி.யில் நிம்மதியாகப் பார்த்தேன். ஏற்றவேண்டுமானால் முதலில் ஸ்டார்ட் ஆகவேண்டும்.

பழைய வண்டி எங்கள் பக்கத்துக்குப் புதுசில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-இல் அமைந்தது. 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளியே வந்தது. டி-72 டாங்கிகளை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து ஓவர்ஹால் செய்து திருப்பி அனுப்புவதும் அங்கேதான். அதில் ஒரு வேடிக்கை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற டாங்கியைக்கூடத் தவணை வந்துவிட்டால் பிரித்துவிடுவார்களாம். அரசாங்கப் பணம், செய்யலாம். குடும்பஸ்தன் அப்படிச் செய்ய முடியுமா? ஓடுகிற வரைக்கும் ஓடட்டும் என்பது என் சட்டம். நின்ற பிறகு யார் தடுத்தாலும் கேட்கமாட்டேன், உடனே பார்த்துவிடுவேன்.

அப்படித்தான் மூடி விஷயமும்.

ரேடியேட்டர் மூடியைச் சிலர் சாதாரணப் பாத்திர மூடி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது குக்கர் வெயிட் மாதிரி. உள்ளே ஒரு ஸ்பிரிங், ஒரு ரப்பர் வாஷர். அது அழுத்தத்தைக் கட்டிவைப்பதால்தான் உள்ளே இருக்கும் தண்ணீர் நூறு டிகிரியில் கொதிக்காமல் இன்னும் ஏறக்குறைய இருபது டிகிரி தாங்குகிறது. பாடியில் தொடங்கிய சுந்தரம் பாசனர்ஸ் தொண்ணூறுகளிலேயே அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸுக்கு இந்த மூடியைச் செய்து அனுப்பியது. அமெரிக்காக்காரனே பாடிப் பக்கம் பார்த்து வாங்கிய சாமான்.

போன தீபாவளிக்கு முன்பே மெக்கானிக் பாய் சொன்னார். “சார், மூடி வாஷர் பொடிப்பொடியா வருது. நூத்தம்பது ரூபாதான், மாத்திடுங்க. அப்படியே கூலன்ட்டும் ஊத்திடலாம்.”

நூற்றைம்பது ரூபாய் என்ன மரத்திலா காய்க்கிறது? பையனின் பழைய சைக்கிள் ட்யூபில் வட்டமாக ஒரு துண்டு வெட்டி உள்ளே வைத்தேன். அம்பத்தூர் சைக்கிளுக்குப் பேர்போன ஊர், உள்ளூர்ப் பொருளை ஆதரித்த மாதிரியும் இருந்தது. கூலன்ட் லிட்டர் நானூறு ரூபாய். எங்கள் வீட்டு போர் தண்ணீர் சும்மா கிடைக்கிறது, அதிலிருக்கும் உப்பும் சும்மாதான். வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதை என் மனைவி மாதம் ஒருமுறை எலுமிச்சம்பழத் தோலால் தேய்த்து எடுப்பாள். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் எலுமிச்சம்பழம் போகாது என்பதால் அங்கே அது பத்திரமாக இருந்தது.

டெம்பரேச்சர் முள் 2019-லேயே படுத்துவிட்டது. அதனால் வண்டி ஓட்டும்போது எனக்குக் கவலையே வந்ததில்லை. பி.பி. பார்க்காதவனுக்கு பி.பி. கிடையாது.

மே மாதம். பூந்தமல்லியில் முகூர்த்தம். ஆவடியில் பெரியம்மாவை ஏற்றிக்கொண்டு பருத்திப்பட்டு ஏரியைத் தாண்டும்போது பானெட் இடுக்கிலிருந்து மெல்லிசாகப் புகை வந்தது. சாம்பிராணி போட்ட மாதிரி. கல்யாணத்துக்குப் போகிற வண்டிக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

“ஏங்க, நிறுத்துங்க.”

“இன்னும் கொஞ்ச தூரம்தானே.”

பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை, புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். வண்டியும் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் அதன் பெருந்தன்மை. காடுவெட்டி தாண்டி, கரையான்சாவடி சிக்னல் வரைக்கும் கொதிக்கக் கொதிக்க வந்து, பச்சை விழுந்த நொடியில் நின்றது. முகம் தெரியாத நாலு பேர் வந்து தள்ளினார்கள். சொந்த பந்தம் எல்லாம் மண்டபத்தில் இருக்க, நடுரோட்டில் எனக்கு இத்தனை உறவுகளைத் தேடிக்கொடுத்தது இந்த வண்டிதான். பிறகு ஷேர் ஆட்டோ. தாலி கட்டுவதைப் பார்க்கவில்லை. மூன்றாவது பந்தியில் பாயசம் தீர்ந்திருந்தது.

மறுநாள் பாய் ஆயில் ஸ்டிக்கை உருவித் துணியில் துடைக்காமல் என் முன்னால் நீட்டினார். என்ன நிறம்! முதல் டிகாக்‌ஷனில் கள்ளிச்சொட்டுப் பால் விட்ட கும்பகோணம் காபி, நுரையோடு. ஹெட் வளைந்து, கேஸ்கட் எரிந்து, தண்ணீரும் ஆயிலும் ஒன்றாகிவிட்டன என்றார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத்தில் ஹெட் ஃபேஸிங், கேஸ்கட் செட், ரேடியேட்டர் அடைப்பு எடுக்க முடியாமல் புது ரேடியேட்டர், ஆயில், கூலி. மொத்தம் 19,500 ரூபாய்.

இங்கேதான் என் சிக்கனத்தின் அருமை எல்லோருக்கும் விளங்கியது. மூடி வாங்காததில் 150 மிச்சம். கூலன்ட் ஊற்றாததில் ஆறு வருஷத்துக்கு ஒரு மூவாயிரமாவது மிச்சம். அந்தப் பணத்தை அன்றைக்கு அநாவசியமாகச் செலவழித்திருந்தால் இன்றைக்கு என்ன செய்திருப்பேன்? மீதிப் பணத்துக்குத்தான் மனைவியின் ஒற்றை வளையல் போனது. இரண்டும் போகவில்லை. இன்னொரு கையில் அது இருக்கிறது, நான் வண்டிச் சாவியை எடுக்கும்போதெல்லாம் அவள் அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள்.

வண்டியை எடுக்கப் போன அன்று பாய் புது மூடியைப் பெட்டியோடு காட்டினார். ரப்பர் கன்றுக்குட்டி மூக்கு மாதிரி பளபளவென்று இருந்தது.

“நூத்தி எண்பது ஆயிடுச்சு சார் இப்போ.”

விடுவேனா? அரைமணி நேரம் நின்று பேசி நூற்றைம்பதுக்கே முடித்தேன். பழைய மூடியை அவர் குப்பையில் போடப் போனார். தடுத்து வாங்கி, சைக்கிள் ட்யூப் வாஷரோடு டிக்கியில் போட்டு வைத்திருக்கிறேன். அவசரத்துக்கு ஆகும்.