சிலிண்டரில் காய்ந்த துண்டு

2024 டிசம்பர் 12 இரவு திண்டுக்கல் திருச்சி சாலையில் ஒரு தனியார் மருத்துவமனை தீப்பிடித்தது. அன்றிரவுச் செய்தியில் வந்த கணக்கே 6 உயிர், அதில் ஒரு குழந்தை. லிஃப்டுக்குள் புகையில் மயங்கிக் கிடந்தவர்களைத் தூக்கி வந்தார்கள்.

அப்புறம் டீக்கடையில் நான்தான் தீயணைப்பு நிபுணர். "தீப்பிடிச்சா லிஃப்ட்ல ஏறலாமாய்யா? லிஃப்ட் குழிதான் புகைக்கு வழி. கரண்டு போனா நடுவுல நின்னுடும்." 2011-இல் கொல்கத்தா ஆம்ரி மருத்துவமனையில் தொண்ணூறு பேர் வரை இறந்ததும் கீழ்த்தளத்தில் கிளம்பிய புகையால்தான் என்று அதையும் இழுப்பேன். டீ மட்டும் ஓசி.

கொஞ்ச நாளில் அத்தைக்குப் பித்தப்பைக் கல். வேறொரு ஆஸ்பத்திரி, மூன்றாவது மாடி, துணைக்கு நிபுணர்.

கட்டில் பக்கத்தில் ஒரே பிளக். வீட்டிலிருந்து மல்டி பிளக் கொண்டுபோய் கெட்டில், டேபிள் ஃபேன், சார்ஜர் எல்லாவற்றையும் அதிலேயே சொருகினேன். தொட்டால் சுட்டது. "பிளக் கொதிக்குதே மாப்ள" என்றார் அத்தை. "கரண்டு நல்லா வருதுத்தை" என்றேன். ராத்திரி படிக்கட்டுத் திருப்பத்தில் காற்று வந்ததால் பாயை அங்கேயே விரித்தேன், தலைமாட்டில் சாப்பாட்டுக் கூடை. இறங்குகிறவர்கள் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும்.

சுவரில் தொங்கிய சிவப்புத் தீயணைப்புச் சிலிண்டர் துண்டு காயப்போடத் தோதாக இருந்தது. சிஸ்டர் பிடித்துவிட்டார்.

"அண்ணே, இதை எப்படி அடிக்கணும்னு தெரியுமா?"

"தலைகீழாக் கவுத்து தரையில இடிக்கணும்மா."

அது நான் பள்ளிக்கூடத்தில் பார்த்த கூம்புச் சிலிண்டர் சமாச்சாரம். அந்தப் பெண் சிரிக்காமல் சொல்லிக் கொடுத்தார்: பின்னை உருவு, குழாயைத் தீயின் அடிப்பக்கம் பார்த்துப் பிடி, கைப்பிடியை அமுக்கு, இப்படியும் அப்படியும் வீசு. மீட்டர் முள் பச்சையில் நிற்க வேண்டும். சில விநாடிகளில் தீர்ந்துவிடும், அதனால் தூரத்தில் நின்று அடித்து வீணாக்காதே.

"படிக்கட்டு எங்க போய் முடியுதுன்னு பாத்தீங்களா?" என்றார் கடைசியாக.

பார்க்கவில்லை. டீ வாங்கப் போனதும் லிஃப்டில்தான்.

ஆஸ்பத்திரியில் உங்கள் ஆள் படுத்திருந்தால், சார்ஜருக்கு இடம் தேடுமுன் படிக்கட்டில் ஒருமுறை கீழே வரை இறங்கிப் பாருங்கள். கடைசிக் கதவில் பூட்டு தொங்கினால் சாவி யாரிடம் என்று அப்போதே கேளுங்கள். எங்கள் திண்டுக்கல் பூட்டாக இருந்தால் இழுத்தெல்லாம் திறக்காது.