கிட் புராணம்: நங்கநல்லூர் காண்டம்

லினக்ஸ் கர்னலின் மூலநிரலைக் கட்டிக்காக்க 2002-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் பிட்கீப்பர் என்ற மென்பொருளிடம் சரணடைந்தார். அதன் முதலாளி லாரி மெக்வாய் இனாமாகத்தான் கொடுத்தார். ஒரே நிபந்தனை: வாங்கியவர்கள் போட்டிச் சரக்கு தயாரிக்கக் கூடாது. வரத்திலேயே ஓட்டை வைப்பது புராண மரபு. ஆஸ்திரேலியாவில், அந்த இனாமை வாங்காத ஆண்ட்ரூ டிரிட்ஜெல் பிட்கீப்பர் சர்வரை டெல்நெட்டில் கூப்பிட்டு 'ஹெல்ப்' என்று அடித்தார். வாய் விட்டுக் கேட்டால் யார்தான் மறுப்பார்கள்? சர்வர் தன் கட்டளைகளை எல்லாம் ஒப்பித்தது. மெக்வாய்க்கு மூக்குமேல் கோபம், இனாம் ரத்து. 2005 ஏப்ரல் 3 அன்று லினஸ் தானே ஒரு மாற்று எழுத உட்கார்ந்தார். 7-ஆம் தேதி கிட் பிறந்து, தன் மூலநிரலைத் தானே சேமித்துக்கொண்டது.

அதே வருஷம்தான் பிஎஸ்என்எல் பிராட்பேண்டும் அவதரித்தது. அன்றைய 500 ரூபாய் திட்டத்தில் பகலில் இறக்குவதற்குக் கணக்கு இருந்தது. இரவு 2 முதல் காலை 8 வரை கணக்கு இல்லை. வேகம் 256 கேபிபிஎஸ். ஆறு மணி நேரம் விடாமல் இழுத்தால் ஒரு சிடி நிறையும்.

ஆகவே, 32 அடி ஆஞ்சநேயரே நடை சாத்தித் தூங்கும் நேரத்தில், நங்கநல்லூர் மாடி அறைகளில் அலாரம் அடித்தது.

"இந்நேரத்துல என்னடா பண்றே?"

"சோர்ஸ் எறக்கறேன் பாட்டி. நாமே கம்பைல் பண்ணிக்கணும்."

"ஏன், எழுதினவனே பண்ணித் தரமாட்டானா?"

"தருவான். நாமே பண்ணினாத்தான் சுதந்திரம்."

"அந்த சுதந்திரம் பன்னெண்டு மணிக்கே வந்துடுத்தேடா!"

கம்பைல் என்பது சம்பந்தி உபசாரம். ஒரு லைப்ரரியை அழைத்தால் அது இன்னொன்றைக் கேட்கும். அந்த இன்னொன்று, நேற்று வந்த பதிப்பாக இருந்தால்தான் பந்தியில் உட்காரும். 'கான்ஃபிகர்' கட்டளை ஒவ்வொருவராக விசாரித்து, கடைசியில் வராத ஒருவர் பெயரைச் சொல்லிக் கோபித்துக்கொண்டு எழுந்துவிடும்.

அதற்கு முன் மூலநிரலை மொத்தமாக இறக்கும் 'குளோன்' முடிய வேண்டுமே! கிழட்டு சிவிஎஸ்ஸும் சப்வெர்ஷனும் லைன் அறுந்தால், வந்தவரை வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கேட்கும். மின்னல் வேகக் கிட்டோ பாதியில் அறுந்தால் பிள்ளையார் சுழியிலிருந்து தொடங்கும். அமெரிக்காவில் உட்கார்ந்து எழுதிய லினஸ், விடியற்காலை நாலரை மணிக்கு இங்கே கரண்ட் போகும் என்பதை யோசித்திருக்க மாட்டார்.

பிறகு 'டெப்த் 1' என்ற பரிகாரம் புழக்கத்துக்கு வந்தது. பூர்வ கதை எதுவும் வேண்டாம், இன்றைய நிலவரம் மட்டும் போதும் என்றால் கிட் அதை மட்டும் தரும். புராணம் சொல்பவர்களிடம் இந்த வசதி இன்னும் கிடையாது.