பதர் தூற்றிய பின் எடை போடவும்

அனுப்புநர்:
பதினைந்து மா நஞ்சைக்கும் ஒரு கைபேசிக்கும் சொந்தக்காரன் (கைபேசி விஷயத்தில் அந்தச் சொல் பொருந்துமா என்பதுதான் இந்த மனு),
ஒரத்தநாடு வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு செயலாளர் அவர்கள்,
தொலைத்தொடர்புத் துறை, சஞ்சார் பவன், அசோகா சாலை, புது தில்லி.

பொருள்: புதுக் கைபேசியோடு சேர்த்துத் தலையில் கட்டப்படும் செயலிகளைத் தூற்றி எடுத்துவிட்டு விற்க ஆணையிட வேண்டி.

பார்வை: 1. தங்கள் துறையின் 28.11.2025 நாளிட்ட உத்தரவு. 2. அதே துறையின் 3.12.2025 நாளிட்ட மனமாற்றம்.

ஐயா,

எங்கள் பக்கத்தில் மனு எழுதுவதும் சாகுபடியில் ஒரு வேலைதான். நாற்று விடுகிறோம், நடுகிறோம், களை எடுக்கிறோம், மனு எழுதுகிறோம், அறுக்கிறோம். தண்ணீருக்கு ஒன்று, யூரியாவுக்கு ஒன்று, பயிர்க் காப்பீட்டுக்கு ஒன்று, வடிகால் தூர்வார ஒன்று. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் வரிசையில் நின்று கொடுத்துவிட்டு, ஒப்புகைச் சீட்டை மடித்து மேல்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினால் பாதிக் குறை தீர்ந்த மாதிரி இருக்கும். மீதிப் பாதிக்கு அடுத்த திங்கள் இருக்கிறது. கைபேசிக்காக எழுதும் முதல் மனு இது. முறை தவறியிருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

என் பழைய போன் போன ஐப்பசியில் செத்தது. குறுவை அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டிவிட்டுக் காவலுக்குப் படுத்திருந்தேன். அந்த அக்டோபர் மழை தில்லியில் யாருக்கும் நினைவிருக்காது, டெல்டாவில் யாருக்கும் மறக்காது. நடுராத்திரி காற்றில் தார்ப்பாய் தூக்கிக்கொண்டது. பாயைப் பிடிக்கப் பாய்ந்ததில் போனைத் தண்ணீரில் விட்டுவிட்டேன். விடிந்து பார்த்தால் நெல்லும் நனைந்திருந்தது, போனும் நனைந்திருந்தது. நெல்லாவது முளைத்தது.

பணம் கணக்கில் ஏறியதும் தஞ்சாவூர் போய்ப் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்குப் புதிதாக ஒன்று வாங்கினேன். கடைப் பெயரும் கம்பெனிப் பெயரும் வேண்டாம். எதை வாங்கியிருந்தாலும் கதை இதுதான் என்று டீக்கடையில் நாலு பேர் நாலு போனை எடுத்துக் காட்டினார்கள்.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தேன். உள்ளே ஏற்கெனவே குடித்தனம் நடந்துகொண்டிருந்தது. புது வீட்டில் பால் காய்ச்சலாம் என்று அடுப்படிக்குப் போனால், முன்பின் தெரியாத ஒருத்தர் குழம்பு கொதிக்க வைத்துவிட்டு “வாங்க, உக்காருங்க” என்கிற மாதிரி. இணையத்தில் தேட மூன்று செயலி. செயலி வாங்கவே இரண்டு கடை. மிட்டாய் உடைக்கும் விளையாட்டு ஒன்று, புட்டி அடுக்கும் விளையாட்டு ஒன்று. இந்தியில் மட்டும் சேதி சொல்லும் ஒன்று. ஐந்து நிமிடத்தில் கடன் தருவதாக ஒன்று. பயிர்க்கடனுக்குச் சிட்டா, அடங்கல், ஆதார் என்று கட்டைப் பையோடு நடந்து பழகியவனுக்கு அதைப் பார்த்ததும் சந்தோஷத்தைவிட பயம்தான் வந்தது. கேட்காமல் கடன் கொடுக்க வருபவனை எங்கள் ஊரில் திண்ணையில்கூட உட்காரவிட மாட்டோம்.

பேரன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “இத அழுத்திப் பிடிங்க தாத்தா” என்றான். பிடித்தேன். சிலவற்றில் ‘நிறுவல் நீக்கு’ என்று வந்தது, அவை போயின. சிலவற்றில் ‘முடக்கு’ என்று வந்தது. அதாவது போகாது, ஓரமாகப் படுத்துக்கொள்ளும். மிச்சத்தில் அந்த எழுத்தே சாம்பல் பூத்து மங்கிக் கிடந்தது. நானும் அழுத்துகிறேன், அழுத்துகிறேன், திரைதான் எண்ணெய்ப் பிசுக்காயிற்று. “அது அழுத்துறதுக்கு இல்ல தாத்தா, சும்மா பாக்குறதுக்கு” என்றான். ஏழாம் வகுப்பு படிக்கிற பிள்ளை. குடிமையியல் பாடத்தில் நல்ல மார்க் வாங்குவான் என்று நினைக்கிறேன்.

பெட்டியின் மேல் 64 ஜிபி என்று போட்டிருந்தது. ஒரு போட்டோகூட எடுக்காத போனில் 21 ஏற்கெனவே நிரம்பியிருந்தது. இயங்குதளத்துக்கு இடம் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். வீடென்றால் சுவருக்கும் இடம் வேண்டுமே. ஆனால் சுவர் எது, சுவரில் சாய்ந்து தூங்குகிறவன் யார் என்று எனக்குப் பிரித்துக் காட்டுவார் இல்லை.

இந்த இடத்தில்தான் எனக்கு நெல் நினைவு வந்தது. நான் விற்கும் பொருளுக்கு அரசாங்கம் ஓர் அளவு வைத்திருக்கிறது. நூறு கிலோ நெல்லில் கல், மண் ஒரு கிலோவைத் தாண்டக் கூடாது. தூசு, துரும்பு இன்னொரு கிலோ. முற்றாததும் சுருங்கியதும் மூன்று. சொத்தையும் நிறம் மாறியதும் முளைத்ததும் ஐந்து. மட்ட ரகக் கலப்பு ஆறு. ஈரம் 17 சதவீதம். மழையை முன்னிட்டு அதை 22 ஆக்கித் தாருங்கள் என்று கேட்டுப் பார்த்தோம். மத்தியக் குழுக்கள் வந்தன, மாதிரி அள்ளிக்கொண்டு போயின, 17 அப்படியே நின்றது. தூற்றும் இயந்திரத்தில் கொட்டி, பதர் ஒரு பக்கம் பறந்த பிறகுதான் நெல் தராசுக்குப் போகும். 40 கிலோ சிப்பத்தில் இரண்டு கை பதர் தெரிந்தால் “மறுபடி தூத்துங்க” என்பார்கள். நான் குறை சொல்லவில்லை. அந்த அரிசியை ரேஷனில் வாங்கிப் பொங்கப்போவது என் சொந்த அக்காதான்.

என் கேள்வி ஒன்றே ஒன்று. நான் விற்கும்போது பதர் பார்க்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு, நான் வாங்கும்போது மட்டும் கண் ஏன் மங்குகிறது?

இதை அப்போதே தங்களுக்கு எழுத வேண்டும் என்று வெள்ளைத்தாள்கூட வாங்கி வைத்துவிட்டேன். அதற்குள் தாங்கள் முந்திக்கொண்டீர்கள். வயலில் களை மண்டிவிட்டது என்று முறையிடப் போனவன் கையில் ஒரு கட்டுக் கோரையைக் கொடுத்து, “இதையும் நட்டுவிடு, பிடுங்காதே” என்று அனுப்பிய மாதிரி ஆயிற்று. நவம்பர் 28-ஆம் தேதி உத்தரவு: இந்தியாவில் விற்கும் எல்லாப் புதுக் கைபேசியிலும் 90 நாளுக்குள் ‘சஞ்சார் சாத்தி’ என்ற தங்கள் துறைச் செயலி ஏறியிருக்க வேண்டும். முதன்முதலாகப் போனைத் திறக்கும்போதே கண்ணில் பட வேண்டும். அதன் வேலை எதையும் முடக்கவோ மட்டுப்படுத்தவோ கூடாது. ஏற்கெனவே செய்து கடைக்குப் போய்விட்ட போன்களிலும் மென்பொருள் புதுப்பிப்பு வழியாக ஏற்றிவிட முயல வேண்டும். 120 நாளில் அறிக்கை.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தியில் ‘சாத்தி’ என்றால் துணைவன் என்று தபால்காரர் சொன்னார். இருக்கட்டும். எங்களுக்குச் சாத்துவது என்றால் ஒன்று கதவை, இல்லையென்றால் முதுகில். ‘சஞ்சாரம்’ என்ற சொல்லையோ நாங்கள் பெரும்பாலும் ராத்திரியில் ஆற்றங்கரைப் பக்கம் திரிவதாகச் சொல்லப்படும் சிலவற்றுக்குத்தான் வைத்திருக்கிறோம். அடுத்த செயலிக்குப் பெயர் வைக்குமுன் காவிரிக்குத் தெற்கே யாரையாவது ஒரு வார்த்தை கேளுங்கள்.

அந்த 28-ஆம் தேதி எங்களுக்கு வேறு கவலை இருந்தது. டிட்வா புயல் இலங்கையைப் புரட்டிப் போட்டுவிட்டு வடக்கே ஏறிக்கொண்டிருந்தது. அடுத்த இரண்டு நாள் மழையில் டெல்டாவில் சம்பாவும் தாளடியும் முழுகின. மடையை வெட்டிவிட மண்வெட்டியோடு போனவன், மழை எப்போது விடும் என்று பார்க்கலாமே என்று பிளாஸ்டிக் பைக்குள்ளிருந்த போனை எடுத்தேன். நான் தொடுவதற்கு முன்னாலேயே பூட்டிய திரை பளிச்சென்று எரிந்து, உதட்டுச் சாயம் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றது. முழங்கால் தண்ணீரில் நின்றபடி அந்தச் சலுகை எப்போது முடிகிறது என்பதையும் முழுதாகப் படித்தேன். மூடும் பெருக்கல் குறி கடுகளவு இருந்தது. விரலெல்லாம் சேறு.

மழை விட்டுத் தண்ணீர் வடியத் தொடங்கியபோது பேப்பர் பார்த்தால் தில்லியிலும் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. டிசம்பர் 1-ஆம் தேதி உத்தரவு செய்தியில் அடிபட்டது. 2-ஆம் தேதி அமைச்சர் ஜோதிராதித்ய சிந்தியா, வேண்டாதவர்கள் நீக்கிக்கொள்ளலாம் என்றார்; முடக்கக் கூடாது என்பது உத்தரவு, நீக்கலாம் என்பது அமைச்சர். ஆப்பிள் இதற்கு இணங்காது என்றும் செய்தி வந்தது. 3-ஆம் தேதி கட்டாயத்தை விலக்கிக்கொண்டீர்கள். விலக்கியதற்குச் சொன்ன காரணம்தான் என்னை மிகவும் கவர்ந்தது: மக்களிடம் ஏற்பு பெருகி வருகிறது, ஒரே நாளில் 6 லட்சம் பேர் பதிவு செய்திருக்கிறார்கள், ஆகவே கட்டாயம் தேவையில்லை. சாப்பாடு பிரமாதம் என்று எல்லோரும் சொல்வதால் பந்திக் கதவின் பூட்டைத் திறந்துவிடுகிறோம் என்பது போல.

ஒரு வரலாற்றுக் குறிப்பும் சொல்லிவிடுகிறேன், தஞ்சாவூர்க்காரன் என்பதால். எங்கள் ஊர்ப் பெரிய கோயிலில் ராஜராஜன் உத்தரவுகளைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். சந்திரனும் சூரியனும் உள்ளவரை நிற்க வேண்டும் என்பதற்குச் ‘சந்திராதித்தவல்’ என்று ஒரு சொல் உண்டு. ஆயிரம் வருஷத்துக்கு மேலாயிற்று, இன்னும் நிற்கிறது. தங்கள் உத்தரவில் சந்திரன் ஐந்து தடவை உதித்தது.

நீக்க முடியாத பொருளைத் தலையில் கட்டுவது தவறு என்று தங்களுக்குச் சொல்ல நான் யார்? அரசாங்கமே சொல்லியிருக்கிறது. யூரியா வாங்கப் போனால் கூடவே நானோ உரப் பாட்டிலையோ வேறு டானிக்கையோ சேர்த்து வாங்கினால்தான் மூட்டை என்பது டெல்டாவில் பழைய கதை. “இதெல்லாம் வேணாம்ணே” என்றால் “அப்ப யூரியா இல்ல” என்பார்கள். 2025 ஜூலையில் மத்திய வேளாண் அமைச்சர் சிவராஜ் சிங் சௌகான் எல்லா முதலமைச்சர்களுக்கும் கடிதம் எழுதினார்: மானிய உரத்தோடு நானோ உரத்தையும் ஊக்கிகளையும் வலுக்கட்டாயமாகச் சேர்த்து விற்பதை உடனே நிறுத்துங்கள் என்று. கடிதத்தைக் கேட்டு இங்கே கைதட்டினோம். நாலரை மாதம் கழித்து, அதே அரசின் இன்னொரு கட்டடத்திலிருந்து தங்கள் பாட்டில் வந்தது.

உரம் வேறு, போன் வேறு என்பீர்கள். சரி, போனுக்கே வருவோம். 2022 அக்டோபர் 20 அன்று இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. போன் செய்பவர்களைத் தன் செயலிகளை மொத்தக் கட்டாக ஏற்றச் சொல்லி நிர்ப்பந்தித்ததும் அதற்கு ஒரு காரணம். அதே ஆணையம் தன் கட்டளைகளில் ஒன்றாக, முன்பே ஏற்றிய செயலிகளைப் பயனர் நீக்கிக்கொள்வதைத் தடுக்கக் கூடாது என்றும் எழுதியது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்துவிட்டு, நான்கு கட்டளைகளை நீக்கியது. நீக்கப்பட்ட நான்கில் ஒன்று, நீக்க விட வேண்டும் என்ற கட்டளை. என் பேரனிடம் இதைச் சொன்னேன். “அந்த பட்டன் மட்டும் அங்க வேல செஞ்சுருக்கு பாருங்க” என்றான்.

தங்கள் செயலியின் மேல் எனக்குக் கோபம் இல்லை என்பதையும் பதிவுசெய்ய விரும்புகிறேன். கட்டாயம் இல்லை என்று தெரிந்த அன்று சாயங்காலம் நானே தேடிப்பிடித்து ஏற்றினேன். தொலைந்த போனை முடக்கலாம், மோசடி அழைப்பைப் புகார் செய்யலாம், நம் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பார்க்கலாம். பார்த்தேன். மூன்று எண் காட்டியது. ஒன்று என்னுடையது, ஒன்று வீட்டில் அவர்களுடையது. மூன்றாவது யாருடையது என்று இரண்டு நாள் தூக்கமில்லை. கடைசியில் மச்சினனுக்கு எட்டு வருஷத்துக்கு முன் வாங்கிக் கொடுத்தது என்று நினைவு வந்தது. நல்ல செயலிதான். மாநில அரசின் உழவன் செயலியையும் 2018-இல் இப்படி நானாகத்தான் ஏற்றிக்கொண்டேன். வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டால் நாங்கள் எந்தக் கல்யாணத்துக்கும் வருவோம். கையைப் பிடித்து இழுத்தால் சொந்தத் தங்கச்சி வீட்டுக்கும் வர மாட்டோம்.

ஆகவே வேண்டுவது: கம்பெனிகளுக்குக் கட்டளையிடத் தங்களுக்குக் கை துறுதுறுவென்று இருப்பது தெரிகிறது. அந்தக் கையை வீணாக்க வேண்டாம். அதே 90 நாள் கெடு, அதே 120 நாள் அறிக்கை. பொருளை மட்டும் மாற்றுங்கள். போன் ஓட அவசியமானது தவிர மற்ற எல்லாச் செயலிக்கும் ‘நிறுவல் நீக்கு’ என்ற எழுத்து கறுப்பாகத் தெரிய வேண்டும், அழுத்தினால் வேலை செய்ய வேண்டும். இது நடக்காத காரியமில்லை. தென்கொரியா 2014-லேயே இதற்கு வழிகாட்டுதல் போட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 மார்ச்சிலிருந்து பெரிய கம்பெனிகள் நீக்க விட்டே ஆக வேண்டும். ஒரே கம்பெனி, ஒரே போன். பாரிசில் நீங்குகிறது, பாபநாசத்தில் நீங்காது என்றால் அது தொழில்நுட்பக் கோளாறு இல்லை, சல்லடைக் கோளாறு.

அளவு தெரியவில்லை என்றால் நெல்லுக்கு வைத்திருக்கும் அளவையே வைத்துக்கொள்ளலாம். நூற்றுக்கு ஒன்று கல், ஒன்று தூசு. கலப்புக்கு ஆறுவரை பொறுத்துக்கொள்கிறோம். ஈரப்பதத்தில் என் போன் தேறும். இந்த முறை பிளாஸ்டிக் பையில் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மடை வெட்டிவிட்டு வந்து எழுதும்
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மனுதாரர்

இணைப்பு: அரை லிட்டர் பாட்டில் ஒன்று. யூரியாவோடு என் தலையில் கட்டியது, மூடி திறக்கவில்லை. இந்த மனுவைத் தனியாகப் பெற்றுக்கொள்ள இயலாது. மனு வேண்டுமென்றால் பாட்டிலையும் சேர்த்துப் பெற்று ஒப்புகை தரவும்.